ஆமை வெயில் காய மேடை: கடையில் வாங்கியது இரண்டாம் முறையும் விழுந்துவிட்டது

செந்தூல் ஒன்பதாம் மாடி | சனி, இரவு 10.12

வணக்கம். எங்கள் வீட்டில் சிவப்புக்காது ஆமை ஒன்று இருக்கிறது. பெயர் ராசு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியபோது ஐம்பது சென் காசைவிடச் சற்றுப் பெரியவன். இப்போது ஓட்டின் நீளம் 13 சென்டிமீட்டர். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்.

அவன் ஏறி உட்காரக் கடையில் ஒரு பிளாஸ்டிக் மேடை வாங்கிப் போட்டிருந்தேன். கண்ணாடியில் நான்கு ரப்பர் குமிழ்களால் ஒட்டிக்கொள்ளும் வகை. சென்ற மாதம் ஒருமுறை விழுந்தது. நேற்று இரவு இரண்டு மணிக்கு மறுபடியும். தொட்டிக்குள் தொப்பென்று சத்தம் கேட்டதும், திருடன் என்று நினைத்து மாமியார் துடைப்பத்தோடு எழுந்து வந்துவிட்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அவர் சொல்வது இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போதைக்குத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, ஒரு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதன் தலை தண்ணீருக்கு மேல் ஒரு விரல் அளவுதான் தெரிகிறது. எப்போதும் ஈரம்.

ராசுவின் எடைக்கு விழாத மேடையை வீட்டிலேயே கட்ட முடியுமா? அதற்கும் முன்னால், கோலாலம்பூர் வெக்கையில் இதெல்லாம் உண்மையிலேயே தேவையா? வீட்டுக்குள் நாங்களே 31 டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறோம்.

பழைய கிள்ளான் சாலை | சனி, இரவு 10.40

தேவையே இல்லை. மேடை, விளக்கு எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்தது. அங்கே பனி கொட்டுகிறது, அதனால் சூடு வேண்டும். இங்கே குழாயைத் திறந்தாலே வெந்நீர். என் ஆமை பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. தினமும் காலை 8 மணி வெயிலில் பத்து நிமிடம் பால்கனியில் வைத்து எடுக்கிறேன். ஆறு ஆண்டாக நன்றாகத்தான் இருக்கிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா | சனி, இரவு 11.25

செந்தூல் தம்பி, முதலில் அந்தச் செங்கல்லை எடுத்துவிடுங்கள். செங்கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஆமை செருகிக்கொண்டால் பின்னோக்கி வரத் தெரியாமல் தவிக்கும். ஆமைக்கும் நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட முடியாவிட்டால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். கல் சாய்ந்தால் கண்ணாடியும் போகும்.

தேவையா என்று கேட்டீர்கள். வெயில் காய்வது என்றால் சூடேறுவது என்று மட்டும் நினைக்கிறோம். காய்வது என்ற சொல்லிலேயே உலர்வதும் இருக்கிறதே! துணி காய்கிறது, வடகம் காய்கிறது. ஆமையும் அப்படித்தான் காய வேண்டும், முதுகு மட்டுமல்ல, வயிற்றுப் பக்கமும். நாள் முழுக்க ஈரத்திலேயே கிடந்தால் ஓட்டில் பூஞ்சையும் அழுகலும் பிடிக்கும், பழைய தகடுகள் உரிவதும் தாமதமாகும். நம் ஊர் வெப்பம் தண்ணீரைச் சூடாக்கும் கருவியின் செலவைத்தான் மிச்சப்படுத்தும். தண்ணீர் தானாகவே 27, 28 டிகிரியில் நிற்கும். ஆனால் உலர்ந்த இடத்தை அது கொண்டுவந்து தராது.

நம்பிக்கை இல்லையென்றால் எங்கள் ஊர்க் கெக் லோக் சி கோயில் குளத்துக்கு வந்து பாருங்கள். பினாங்கு வெயிலுக்கு என்ன குறை? அப்படியிருந்தும் உலர்ந்த சிமெண்டுத் திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே ஒன்றன் முதுகில் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. அடியில் இருப்பது நகரும்போது மேலே இருப்பது உருண்டு தண்ணீரில் விழும், மறுபடியும் ஏறும். தேவையில்லாத ஒன்றுக்கா இவ்வளவு பாடு? (அந்தக் குளத்தில் உங்கள் ஆமையைக் கொண்டுவந்து விடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். ஏற்கெனவே நெரிசல்.)

பட்டர்வொர்த் ஐயா | ஞாயிறு, காலை 6.50

பழைய கிள்ளான் சாலை நண்பருக்கு ஒரு சொல். உங்கள் கடிகாரத்தில் 8 மணி என்பது சூரியனுக்கு 8 மணி அல்ல. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அன்று முதல் நமக்கு உச்சிவெயில் ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது. காலை 8 மணிக்குச் சூரியன் உதித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு தாழ்ந்த சூரியனிலிருந்து, ஆமையின் உடல் வைட்டமின் டி3 உண்டாக்கத் தேவையான புற ஊதா பி கதிர் மிகச் சொற்பமாகவே கிடைக்கும். பத்து நிமிடம் வைத்து எடுப்பதில் உங்களுக்கு மனநிறைவு இருக்கலாம். ஆமைக்கு அதிகம் இல்லை.

அந்த டி3 இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராது. ஓடு ரப்பர் போலத் தளரும், உருக்குலைந்து வளரும்.

பழைய கிள்ளான் சாலை | ஞாயிறு, காலை 9.15

சரி ஐயா, அப்படியானால் 11 மணிக்கு வைக்கிறேன். விளக்குக்குக் காசு கொடுக்க மாட்டேன்.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, காலை 9.58

11 மணிக்கு வைத்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். நான் உட்காரவில்லை.

நீல நிற பேசின், நான்கு விரல் தண்ணீர், நிழல் இல்லை. தொலைபேசி வந்தது, பேசிக்கொண்டே கீழே போய்விட்டேன். திரும்பி வர முக்கால் மணி நேரம். தண்ணீரில் கை வைத்தபோது குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது. பேசினின் ஓரத்தில் நகக்கீறல்கள் இருந்தன. ஒன்பது வயது ஆமை.

வெயிலில் வைப்பவர்கள் பாதி இடத்துக்காவது நிழல் போடுங்கள். ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்த பிராணிதான், ஒதுங்க இடம் கொடுத்தால். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். சூடு வெளியேறாது, அதே கண்ணாடி நீங்கள் தேடிப்போன கதிரையும் தடுத்துவிடும். இரண்டும் கெட்டான்.

குழாய்த்தம்பி, கெப்போங் | ஞாயிறு, மதியம் 1.30

தண்ணீர்க் குழாய் வேலை செய்பவன் நான். இரண்டு ஆமைகள் வளர்க்கிறேன். செந்தூல் அண்ணே, பிவிசி குழாயில் கட்டுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

முக்கால் அங்குலக் குழாய் போதும். தொட்டியின் ஒரு கோடியில் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கால், மேலே ஒரு செவ்வகச் சட்டம், கால்களுக்கு நடுவில் குறுக்குக் கட்டை ஏதும் வேண்டாம், அவன் அடியில் நீந்திப் போகட்டும். சட்டத்தின் நீளம் ஓர் அடி இருந்தால் அவன் அதன்மேல் முழுதாகத் திரும்பலாம். உள் அகலத்தை அளக்கும்போது விளிம்பில் அளக்காதீர்கள், உள்ளே கையை விட்டு அளக்க வேண்டும். மூலையில் சிலிக்கான் புடைத்துக்கொண்டிருக்கும். அதற்காக இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். நான் முதல் முறை விளிம்பில் அளந்து அறுத்து, உள்ளே இறங்காமல் எல்லாவற்றையும் மறுபடி அறுத்தேன்.

சட்டத்தின் மேல் விரிக்க, அலுவலகக் கூரை விளக்குகளுக்கு அடியில் சதுரம் சதுரமாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டி இருக்குமே, அதுதான் சரி. மின்விளக்குக் கடையில் கேளுங்கள். தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் இறுக்கிக் கட்டி, நறுக்கிய நுனியை கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். அந்த நுனி கத்தி மாதிரி.

ஏறுவதற்குச் சரிவு. 30 டிகிரிக்கு மேல் போனால் அவன் ஏறுவதைவிட வழுக்குவது அதிகமாக இருக்கும். அடிவரை இறக்க வேண்டியதில்லை. நீந்தி வருபவனுக்கு முன்கால் பிடிக்க ஐந்தாறு அங்குலம் தண்ணீருக்குள் இருந்தால் போதும்.

செந்தூல் ஒன்பதாம் மாடி | அடுத்த ஞாயிறு, மாலை 4.05

கட்டிவிட்டேன். குழாய், எல்போ என்கிற வளைவு இணைப்பு, பசை, தட்டி எல்லாம் சேர்ந்து 46 ரிங்கிட். சாப்பாட்டு மேசையில் வைத்துக் குழாயை அறுத்ததற்கு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

பசை காய ஒரு நாள் விட்டேன். பெருமையோடு தொட்டிக்குள் இறக்கினேன். மேசை மிதக்கிறது. கையால் அழுத்தினால் இறங்குகிறது, கையை எடுத்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து வருகிறது. ராசு மறுகோடியில் போய் ஒளிந்துகொண்டான். வீட்டில் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

குழாய்த்தம்பி, கெப்போங் | அடுத்த ஞாயிறு, மாலை 4.20

அண்ணே, என் தவறு, மன்னியுங்கள். எல்லா முனையையும் பசை போட்டு அடைத்துவிட்டீர்களா? உள்ளே காற்று இருக்கிறதே, அது படகு. ஒவ்வொரு காலிலும் தரையோடு ஒட்டி ஒரு துளை, மேலே எல்போவுக்கு அருகில் ஒரு துளை போடுங்கள். கீழே தண்ணீர் நுழையும், மேலே காற்று போகும். மேல் துளை இல்லாமல் கீழே மட்டும் போட்டால் காற்று சிறைப்பட்டுக்கொண்டு பாதிதான் நிரம்பும். துளையின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

செந்தூல் ஒன்பதாம் மாடி | அடுத்த ஞாயிறு, மாலை 6.48

எட்டுத் துளை. இறக்கியதும் குளுகுளுவென்று குமிழி விட்டுக்கொண்டே போய் அடியில் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. நன்றி தம்பி.

இப்போது தண்ணீர் 13 அங்குலம், மேடை 14 அங்குலத்தில். ஆனால் சரிவில் வைத்த குழாய்கள் வழுக்குகின்றன. செயற்கைப் புல் விரிக்கலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

புல் வேண்டாம் தம்பி. பிய்த்துத் தின்றுவிடும். பச்சையாக எது தெரிந்தாலும் அதற்குக் கங்கோங் கீரைதான். என் பழைய ஆமையின் மலத்தில் பிளாஸ்டிக் இழை வந்து பயந்து போயிருக்கிறேன்.

இன்னொன்று. தொட்டி 18 அங்குலம், மேடை 14 அங்குலம். மிச்சம் நான்கு. ராசு பின்காலில் எழுந்து நின்றால் ஐந்து அங்குலம். கணக்கு புரிகிறதா? இன்றிரவே சுற்றிலும் ஒரு வேலி வையுங்கள். ஒன்பதாம் மாடி என்று உங்கள் பெயரிலேயே இருக்கிறது.

மேடையைக் கழுவுவது எங்கே? சமையலறைத் தொட்டியில் கழுவினால் மாமியாருக்கு நானே தொலைபேசி போடுவேன். ஆமையின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும், பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கக் கூடாது என்று 1975இல் தடை போட்டதே குழந்தைகளுக்கு இந்த நோய் பரவியதால்தான். குளியலறையில் கழுவுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பட்டர்வொர்த் ஐயா | திங்கள், காலை 6.35

சரிவுக்கும் மேடைக்கும் ஓடு போடுங்கள். மெருகு பூசாத பழைய மண் ஓடு. ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும்போது கழற்றிப் போடுவார்கள். கேட்டால் இரண்டு மூன்று கொடுப்பார்கள், யாரும் காசு கேட்பதில்லை. சொரசொரப்பாக இருப்பதால் நகம் பிடிக்கும். வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். தட்டியின் சதுரத்துக்குள் விரல் சிக்கும் பயமும் போகும்.

ஓடு கிடைத்ததும் அப்படியே வைத்துவிட வேண்டாம். என் ஓட்டில் நூறு ஆண்டுப் பாசியும் புறா எச்சமும் இருந்தன. தூரிகையால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். முனைகளை அரத்தால் மழுக்கினேன். என் ஆமை இப்போது அதன்மேல் நான்கு காலையும் பின்னால் நீட்டிப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கிறது. ஓட்டின் மேல் ஓடு.

சேராஸ் புதியவன் | திங்கள், மதியம் 12.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் ஓர் ஆமை கிடைத்தது. முதுகு உயரமாகக் கறுப்பு, தலையில் மஞ்சள் கோடுகள், தொட்டால் ஓட்டை அடியில் முழுதாக மூடிக்கொள்கிறது. இதற்கும் இதே மேடை போதுமா?

ஆயர் ஈத்தாம் அக்கா | திங்கள், மதியம் 12.45

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மலாயாப் பெட்டி ஆமை. இந்த மண்ணின் பிராணி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. மேடை கட்டும் வேலை வேண்டாம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள்.

நீலவிளக்கு, ஜெலுத்தோங் | திங்கள், இரவு 9.20

மின்வேலை செய்பவன் என்ற முறையில் விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். மேடையில் செய்த பிழைக்கு வீட்டார் சிரிப்பார்கள். விளக்கில் பிழை செய்தால் சிரிக்க ஆள் இருக்காது.

இரண்டு வேலைக்கு இரண்டு விளக்கு. சூட்டுக்குச் சாதாரண ஆலஜன் போதும், விலங்குக் கடையில் பெட்டி மாற்றி மூன்று மடங்கு விலையில் விற்பதும் அதுதான். எங்கள் வீட்டில் 50 வாட் போட்டபோது மேடை ஓடு 41 டிகிரிக்குப் போய்விட்டது, ஆமை ஏறவே இல்லை. குளிர்நாட்டுப் பரிந்துரையை அப்படியே எடுத்தால் இதுதான் நடக்கும், அந்த வகையில் பழைய கிள்ளான் சாலை சொன்னதில் பாதி உண்மை. 35 வாட்டுக்கு மாற்றினேன். மேடையின் மேற்பரப்பு 30க்கும் 35க்கும் இடையில் இருக்க வேண்டும்.

புற ஊதாவுக்குத் தனியாக நீளக்குழல் விளக்கு, 5 அல்லது 6 சதவீத வகை. தொட்டியின் கண்ணாடி மூடி வழியாகக் காட்டினால் பயனில்லை. நடுவில் கண்ணாடியும் கூடாது, தெளிந்த பிளாஸ்டிக்கும் கூடாது, கம்பிவலைகூட ஒரு பங்கைத் தின்றுவிடும். தூரம் பெட்டியில் போட்டிருக்கும், பெரும்பாலும் ஓர் அடி அளவில் வரும். ஓராண்டில் மாற்றிவிடுங்கள். வெளிச்சம் குறையாது, கதிர் குறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் புற ஊதா விளக்கு என்று 60 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வீட்டில் பெட்டியைத் திருப்பிப் படித்தால் 'பகல் ஒளி' என்று மட்டும் இருக்கிறது. நீலக் கண்ணாடி போட்ட குண்டு பல்பு. மின்வேலைக்காரனையே ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்றுவரை வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் உருகும். கவ்வியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சங்கிலியும் மாட்டுங்கள். கம்பி பிளக்குக்குப் போகும் வழியில் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் வழிந்தால் அங்கேயே சொட்டிவிடும். வீட்டு மின்பெட்டியில் கசிவுக்குத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் ஆமையை மறந்துவிட்டு முதலில் மின்காரரைக் கூப்பிடுங்கள்.

பழைய கிள்ளான் சாலை | திங்கள், இரவு 9.41

பாதி உண்மை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

செந்தூல் ஒன்பதாம் மாடி | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஓடு வந்த கதை இது: பினாங்கில் இருக்கும் மைத்துனர் பேருந்தில் இரண்டு ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மேடையின் மேல் ஓர் ஓடு, சரிவில் ஓர் ஓடு. சுற்றிலும் அரை அங்குலக் குழாயில் வேலி. 35 வாட் விளக்கும் நீளக்குழலும் பத்து மணி நேரம், டைமர் பார்த்துக்கொள்கிறது. வெப்பம் பார்க்கக் கோவிட் காலத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கியை எடுத்தேன். ஓட்டைச் சுட்டால் 'குறைவு' என்றே காட்டியது. அரை மணி நேரம் விளக்கை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான், அது நெற்றிக்கான அளவில் இருக்கிறது, பொருள்களுக்கான அளவுக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது என்று மகள் காட்டினாள். இப்போது ஓடு 33, தண்ணீர் 28.

முதல் ஐந்து நாள் ராசு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆறாம் நாள் மழை, நாங்கள் யாரும் அறையில் இல்லை. திரும்பி வந்தபோது ஓட்டின்மேல் ஈரக் காலடிகள் இருந்தன. இப்போது காலை பத்து மணிக்கு ஏறினால் பன்னிரண்டுக்குத்தான் இறங்குகிறான். அருகில் போனால் குதித்துவிடுகிறான், அதனால் நான்தான் என் வீட்டில் சுவரோரமாக நடக்கிறேன். நேற்று முதுகிலிருந்து ஒரு தகடு உரிந்து வந்தது. நகம் அளவு, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிக் காகிதம் போல ஊடுருவித் தெரிகிறது.

படம் இணைத்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா | சனி, மாலை 6.02

அழகாக இருக்கிறது தம்பி. மேடை நேர்த்தி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்கால் நகங்கள் இவ்வளவுதானா? 13 சென்டிமீட்டர் வளர்ந்த ஆணுக்கு முன்கால் நகம் ஊசி போல நீளமாக இருக்கும், வாலும் தடித்து நீண்டிருக்கும். ராசுவுக்கு இரண்டும் இல்லை.

செந்தூல் ஒன்பதாம் மாடி | சனி, மாலை 6.10

அப்படியென்றால்?

ஆயர் ஈத்தாம் அக்கா | சனி, மாலை 6.15

பெண் பிள்ளை. ஆணாக இருந்தால் 20 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பெண் 25, 30 வரை போகும். ஓட்டின் ஓர் அங்குலத்துக்கு 38 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு; உங்கள் தொட்டி இப்போதே போதாது. மேடையும் இரண்டு ஆண்டுக்குத்தான் தாங்கும். முட்டையிடும் வயது வந்தால் மண் நிரப்பிய இடமும் வேண்டும், ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டையிடும்.

குழாய்த்தம்பி, கெப்போங் | சனி, மாலை 6.31

அண்ணே, அடுத்த முறை ஓர் அங்குலக் குழாய் வாங்குங்கள். துளையை மறக்காதீர்கள்.

செந்தூல் ஒன்பதாம் மாடி | சனி, இரவு 7.20

மாமியாரிடம் பெண் என்று சொன்னேன். ராசு என்று கூப்பிடக் கூடாது, இனி ராசாத்தி என்றார். ஐந்தடித் தொட்டி என்ன விலை என்று யாருக்காவது தெரியுமா? தரை தாங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.